நடந்த சாமிகள், சோறிட்ட ஊர்கள்

ஆடியில் வேல் புறப்படும் நாளில் காலி வீதியில் பஸ் ஓடாது. செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலிருந்து கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி என்று ஊர்ந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வேல் வரும் அந்த வழியில், தமிழர் வீட்டு வாசலில் மட்டுமில்லை, சிங்களவர் வீட்டு வாசலிலும் நிறைகுடம் இருந்ததைப் பார்த்த முதியவர்கள் இன்னும் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். வேல் காலத்துக் கரும்புக்காகவே இனம் மதம் பாராமல் கொழும்பு திரண்ட காலம் அது.

இந்த விழா ஏன் பிறந்தது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. கதிர்காமத்துக்கு நடந்துபோக முடியாமல் போனதால் பிறந்தது. 1870-களில் கொலரா நோய்க்குப் பயந்து ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. போக முடியாத நாட்டுக்கோட்டை நகரத்தார், போகும் வழியைக் கொழும்புக்குள்ளேயே அமைத்துக்கொண்டார்கள். 1874-ல் ஆடிவேல் வீதிக்கு வந்தது இப்படித்தான். நடை தடைப்பட்ட இடத்தில் தேர் முளைத்தது.

தடைப்பட்ட அந்த நடை செத்துப்போகவில்லை. நாட்டின் மறுபக்கத்தில், கிழக்குக் கரையோரமாக, அது இன்றும் நடக்கிறது. வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் வேலெடுத்துப் புறப்படும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, குமண, யால காடுகளுக்குள் புகுந்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து கதிர்காமத்து மாணிக்க கங்கையில் கால் நனைக்கிறார்கள். செருப்பில்லை. கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பழைய விதி. இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு செம்பு, கொஞ்சம் திருநீறு, இவற்றைக் கட்டிய ஒரு பொட்டளி. நடக்கத் தொடங்கியதும் ஊர்ப்பெயர், சாதிப்பெயர், உத்தியோகப்பெயர் எல்லாம் போய்விடும். ஆண் என்றால் சாமி, பெண் என்றால் சாமி அம்மா. கூட்டத்தில் சாமி அம்மாக்களே அதிகம், அதிலும் வயதானவர்கள்.

இந்த நடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நடந்தவர்களின் வைராக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. காசில்லாமல் ஒன்றரை மாதம் நடக்கும் மனிதருக்கு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் சோறு போட்டிருக்க வேண்டும். படுக்கத் திண்ணை கொடுத்திருக்க வேண்டும். போர் நடந்த ஊரிலும், கடல் வாரிக்கொண்டுபோன ஊரிலும் அந்தச் சோறு கிடைத்திருக்கிறது. பாதையைக் காத்தவர்கள் அவர்கள்தான்.

நடக்கும் துறவி கொழும்புக்குப் புதியவரல்ல. 1897 ஜனவரி 15-ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய சுவாமி விவேகானந்தர், மேற்கே போய்ப் புகழோடு திரும்பியவராகத்தான் நம் நினைவில் நிற்கிறார். அந்தப் புகழுக்கு முன், 1890 முதல் 1893 வரை, பெயரைக்கூட மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, இந்தியாவின் வடக்கிலிருந்து கன்னியாகுமரி வரை அலைந்த பரிவ்ராஜகர் அவர். சில இடங்களில் ரயில், பல இடங்களில் கால்நடை, எங்கும் அடுத்தவர் வீட்டுச் சோறு. திவானின் மாளிகையிலும் தங்கினார், ஏழையின் குடிசையிலும் உண்டார். கொழும்பில் புளோரல் மண்டபத்தில் ஜனவரி 16-ஆம் திகதி அவர் ஆற்றிய உரைதான் கீழைநாட்டுக்குத் திரும்பிய பின் அவருடைய முதல் பொதுப்பேச்சு. பிறகு கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போனார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் முறிந்து, மாட்டு வண்டி வரும்வரை வீதியில் காத்துக் கிடந்து, கூட வந்தவர்கள் கொஞ்ச தூரம் நடக்கவும் வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டில் 1902-ல் தொடங்கிய விவேகானந்த சபையும், வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும் அந்த வருகையின் வழிவந்தவை. அந்த மிஷன் பின்னாளில் கதிர்காமத்தில் யாத்திரிகர்களுக்கு மடம் நடத்திப் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. மடத்தை அரசு எடுத்துக்கொண்டது இன்றும் கொழும்புச் சைவர்களின் மனக்குறை.

யாழ்ப்பாணத்தில் அன்று விவேகானந்தரைக் கேட்டவர்களில் ஓர் இளைஞர் இருந்தார். 1872-ல் மாவிட்டபுரத்தில் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்து, நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியின் கையில் அகப்பட்டு, வேலையை உதறியவர். அவரை உலகம் யோகர் சுவாமி என்று அறியும். குருவை விட்டுப் பிரிந்த காலத்தில், 1910-ஐ ஒட்டி, கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடந்து போனார் என்று அடியார்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்பு கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் இருந்தார். 1964-ல் சமாதியடையும் வரை அவரைத் தேடி வக்கீலும் வந்தார், வண்டிக்காரரும் வந்தார். கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் அவரே போய்வருவார். எந்த வீட்டுக்கு எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. முன்னறிவித்தல் இல்லாமல் படியேறி வந்து, சமையலறையில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்பவர் என்று பழைய குடும்பங்கள் சொல்லும். நடந்து பழகியவரின் பழக்கம் அது.

ஏறத்தாழ அதே காலத்தில் யாத்திரையின் மறுமுனையில் இன்னொருவர் இருந்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப். யாத்திரிகர்களின் எண்ணிக்கையும், சுகாதாரமும், தண்ணீரும் அவருடைய பொறுப்பு. கடவுள் நம்பிக்கை இல்லாத அந்த ஆங்கிலேயர், காட்டுக்குள்ளே களைத்து விழுந்து வந்த கூட்டத்தைப் பார்த்ததை மறக்கவில்லை. 1913-ல் வெளிவந்த அவருடைய காட்டுக் கிராமத்து நாவலில் அந்த யாத்திரை வேறு பெயரில் வருகிறது.

யோகர் சுவாமியைச் சுற்றி வெள்ளைக்காரர்களும் கூடினார்கள். சோல்பரி ஆணைக்குழுவின் தலைவராக வந்து பின்னர் மகாதேசாதிபதியான சோல்பரி பிரபுவின் மகன், சந்தசுவாமி ஆனார். மட்டக்களப்புச் செங்கலடியில் சிவதொண்டன் நிலையத்தில் வாழ்ந்தார். அதிகாரத்தின் உச்சியில் தகப்பன் இருந்த நாட்டில், மகன் தரையில் இருந்து தியானம் செய்தார். இன்னொருவர் ஜேர்மனியில் பிறந்த பீட்டர் ஷோன்ஃபெல்ட். முதலில் பௌத்த துறவி, பிறகு கௌரிபாலா கிரி என்னும் இந்துச் சந்நியாசி. ஊரார் வைத்த பெயர் ஜேர்மன் சுவாமி. செல்வச்சந்நிதிக்குப் பக்கத்தில் ஆச்சிரமம் வைத்திருந்தார். கதிர்காமத்துக்குப் பலமுறை கால்நடையாகப் போனவர், 1984-ல் மறைந்தார். அவரிடம் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞர் பற்றிக் ஹரிகன், கிராமத்துச் சாமிகளோடு சேர்ந்து நடந்து பழகினார். அன்று நடந்தது சிறு கூட்டம். பஸ் கதிர்காமம் வரை வந்த பிறகு நடப்பது மூடப்பழக்கம் என்று படித்தவர்கள் நினைத்த காலம். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தச் சிறு கூட்டமும் சிதறியது. 1988-ல் இந்திய அமைதிப்படை வடகிழக்கில் நின்ற நேரத்தில் நடையை மீண்டும் தொடங்கியதில் ஹரிகனுக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றியோடு சொல்ல வேண்டிய பெயர் அது. ஆனால் அவருக்கு வழி காட்டியவர்கள் அந்தக் கிராமத்துச் சாமிகள்தான்.

புறப்படும் இடத்தையே பாருங்கள். செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர். கோபுரத்தைவிட அங்கே பேர்போனவை சுற்றியிருக்கும் மடங்கள். பிராமணக் குருக்கள் இல்லை. கடலோர மக்களின் வழிவந்த கப்பூகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கிறார்கள். மட்டக்களப்பில் மண்டூர் முருகன் கோவிலிலும் இதே வாய்கட்டிப் பூசை. கதிர்காமத்தில் சிங்களக் கப்புறாளைகளும் வாயைக் கட்டிக்கொண்டுதான் திரைக்குள்ளே போகிறார்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஒரே மௌனம். எந்த ஆகமமும் இணைக்காத மூன்று கோவில்களை நடந்தவர்களின் கால்கள் இணைத்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில். வைகாசி விசாகப் பொங்கலுக்கு அங்கே இருக்கும்படி கணக்குப் பண்ணித்தான் வடக்குச் சாமிகள் புறப்படுவார்கள். கடல்நீரில் விளக்கெரியும் என்ற நம்பிக்கை உள்ள கோவில். அது இருப்பது நந்திக்கடல் ஓரம். 2009 மே மாதத்தில் போர் முடிந்த மண். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அதே கரையில் பொங்கல் பானை வைக்கிறார்கள், வேலோடு வரும் சாமிகளுக்கு இலை போடுகிறார்கள். மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த வருடங்களிலும் இலை போட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

திருகோணமலையில் கோணேசரைக் கும்பிட்டுத் தெற்கே இறங்கினால் மூதூர், அப்பால் வெருகல். மகாவலியின் கிளை ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதர். பாலங்கள் வருவதற்கு முன் இந்தக் கரையோரம் முழுக்கத் துறைகள்தான். தோணிக்காரர் சாமிகளிடம் கூலி வாங்கமாட்டார். வாகரைப் பக்கத்தில் கரையோர வேடர் குடிகள் இருக்கின்றன. வள்ளியை வளர்த்தவர்கள் தாங்கள் என்ற உரிமை அவர்களுக்கு உண்டு. மருமகன் வீட்டுக்குப் போகிறவர்களை உபசரிப்பதுபோல் உபசரிப்பார்கள்.

மட்டக்களப்புக்குள் வந்துவிட்டால் பசி என்ற பேச்சே இல்லை. இந்த மாவட்டத்தார் சோறு போடுவதில் போட்டி போடுவார்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரரில் கூட்டம் பெருகும். கடலோரமான எழுவான்கரை ஊர்களில் சாமிகள் வருகிறார்கள் என்றதும் முற்றம் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். வேலைச் சுமந்து வரும் சாமியின் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளின் தலையில் தெளிப்பார் வீட்டுக்காரி. பிறகு ஓலைப்பாய். இலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய், மோர். நடந்து வெடித்த பாதத்துக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தருவார்கள். விடியற்காலை புறப்படும்போது ஒரு பிடி அரிசியை மடியில் கட்டிவிடுவார்கள், காட்டுக்குள்ளே தேவைப்படும் என்று. "எங்களுக்காகவும் கும்பிட்டு வாங்க சாமி" என்று அவர்கள் கேட்பது ஒன்றுதான். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாதவர்கள், மாட்டையும் வயலையும் விட்டுப் போக முடியாதவர்கள், தங்கள் யாத்திரையை அந்த ஒரு பிடி அரிசியில் அனுப்பிவைக்கிறார்கள்.

அடுத்தது முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி வரும் அம்பாறைக் கரை. கதிர்காமம் முஸ்லிம்களுக்கும் அந்நியமில்லை. கோவில் வளாகத்திலேயே பள்ளிவாசலும், பால்குடி பாவாவின் அடக்கத்தலமும் உண்டு. முருகன் கொடியேறும் காலத்தில் அங்கும் கொடியேறும். கிழக்கில் தமிழ், முஸ்லிம் உறவு முறிந்த வருடங்கள் இருந்தன, கொலைகள் நடந்தன, அதை மறைத்து எழுதுவது பொய். அந்த வருடங்களுக்குப் பிறகும் கடைவாசலில் சர்பத் வாளி வைத்துச் சாமிகளை மறித்துக் குடிக்கக் கொடுக்கும் முஸ்லிம் வியாபாரிகள் இந்த வீதியில் இருக்கிறார்கள். திருக்கோவிலையும் பொத்துவிலையும் தாண்டினால் பாணமை. சிங்களமும் தமிழும் கலந்து பிறந்த ஊர். பத்தினி என்றும் கண்ணகி என்றும் ஒரே தெய்வத்துக்குக் கொம்பு விளையாட்டு நடத்தும் ஊர். அங்கே சாமிகளுக்குத் தண்ணீர் கொடுப்பவர் எந்த இனம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்தக் கரை முழுவதும் 2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறியது. அடுத்த ஆண்டும் சாமிகள் நடந்தார்கள். கூடாரங்களில் இருந்தவர்கள் நிவாரணமாகக் கிடைத்த அரிசியில் சமைத்துப் போட்டார்கள்.

பிறகு உகந்தை. கடலோரப் பாறையை ஒட்டி முருகனும் வள்ளியும். இங்கேதான் ஊர் முடிந்து காடு தொடங்குகிறது. வருடத்தில் சில நாட்கள் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களம் வாயிலைத் திறக்கும். கையில் ஒன்றரை மாதம் இல்லாதவர்கள், கொழும்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வருபவர்கள், இங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். ஏறத்தாழ ஐந்து நாள் நடை. குமணக் குளம், கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். யானை உண்டு, கரடி உண்டு, சிறுத்தை உண்டு. தனியே நடக்கக் கூடாது, கோபத்தோடு நடக்கக் கூடாது என்று மூத்த சாமிகள் சொல்லுவார்கள். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்லுவார்கள்.

ஆடி வெயிலில் வள்ளியம்மன் ஆற்றில் தண்ணீர் மேலே ஓடாது. மணல்தான் கிடக்கும். ஈரம் கறுத்த இடம் பார்த்து முழங்கை ஆழம் கையால் தோண்டுவார்கள். முதலில் சேறு. அதை அள்ளி எறிந்துவிட்டுப் பொறுத்திருந்தால் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஏறும். சிரட்டையால் மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டிச் செம்பில் ஊற்றுவார்கள். தோண்டியவர் முதலில் குடிப்பதில்லை. பின்னால் வரும் வயதான சாமி அம்மாவுக்குத்தான் முதற்செம்பு. ஊற்றை மூடாமல் விட்டுப் போவார்கள், அடுத்த கூட்டத்துக்கும், இரவில் வரும் விலங்குக்கும். இப்போது இராணுவமும் தொண்டு அமைப்புகளும் வழிநெடுகத் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள். இராணுவச் சிப்பாய் ஒருவர் தமிழ்க் கிழவியின் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவதை அங்கே பார்க்கலாம். நடந்தவை எதையும் அது அழித்துவிடாது. ஆனாலும் அந்தக் காட்சி அந்தக் காட்டைத் தவிர வேறெங்கே கிடைக்கும்?

கதிர்காமத்தில் வந்து இறங்கினால் சத்தம். பஸ், கடை, ஒலிபெருக்கி, காவடி, தீமிதி. மாணிக்க கங்கையில் முழுகி, செல்லக்கதிர்காமத்துப் பிள்ளையாரையும் கதிரமலையையும் கும்பிட்டு, கொடியிலிருந்து தீர்த்தம் வரை தங்குவார்கள். உருவமில்லாத சந்நிதி. திரையில் எழுதிய படம், அதற்குப் பின்னால் யந்திரப்பேழை. வடநாட்டுத் துறவி கல்யாணகிரி அந்த யந்திரத்தை வைத்தவர் என்பது ஐதீகம். வள்ளியைத் தேடி வந்த முருகனைத் திருப்பி அழைத்துப்போக வந்து, தாமே தங்கிவிட்டவர் என்று கதை. அவருடைய கிரி மரபினர்தான் தெய்வயானை அம்மன் கோவிலை நடத்துகிறார்கள். பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி எழுதி 1924-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த மரபுகளை விரிவாகப் பதிந்திருக்கிறார். தூரதேசத்துத் துறவியை, ஃபக்கீரை, வேட்டுவப் பெண்ணை, சிங்களப் பூசகரை ஒரே முற்றத்தில் வைத்திருக்கும் கோவில் இது. இவர்களில் பலர் எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள்.

எழுபதுகளில் ஒரு சிறு கூட்டமாக இருந்தவர்கள் இன்று காட்டுப்பாதையில் பல்லாயிரம் பேர். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பல்லாயிரத்தோடு பிளாஸ்டிக் போத்தலும், பிஸ்கட் கடதாசியும், கைபேசிப் பாட்டும் காட்டுக்குள்ளே போகின்றன. விலங்குகளின் வீட்டுக்குள் விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்பு குறைந்து வருகிறது. இன்னொரு குறை திகதி. வாயில் திறக்கும் நாளில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் கிழக்கில் பெரிய வாதத்தைக் கிளப்பின. சந்நிதியில் வேலெடுத்தவர் நாற்பது நாள் நடந்து வந்து பூட்டிய வாயிலின் முன்னே உட்கார நேர்ந்தால், அது ஒரு நிர்வாகத் தவறு மட்டுமல்ல. கால்நடையாக வருபவரின் காலத்தைக் காரில் வருபவரின் நாட்காட்டியால் அளப்பது அது. 1870-களின் அதிகாரிகளுக்குக் கொலரா என்ற காரணமாவது இருந்தது. உகந்தை வாயில் எந்த நாளில் திறக்கும் என்பதைச் செல்வச்சந்நிதியிலிருந்து முதல் சாமி புறப்படுவதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். கதிர்காம தேவாலயமும், வனஜீவராசிகள் திணைக்களமும், கிழக்கு மாவட்டச் செயலகங்களும் கூடிப் பேசினால் ஒரே நாளில் முடியக்கூடிய காரியம்.

கொழும்பு வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் குளிரூட்டிய வானில் போய், அதே நாளில் கும்பிட்டுத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். அதில் குற்றமில்லை, வயதும் நோயும் எல்லாருக்கும் உண்டு. நடக்க முடிந்தவர்கள் ஒரு தடவையாவது உகந்தையில் இறங்கி நடந்து பாருங்கள். போத்தல் கொண்டுபோகாதீர்கள், செம்பு கொண்டுபோங்கள். கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள். நடக்க முடியாதவர்கள், வாகரையிலோ திருக்கோவிலிலோ பாணமையிலோ சாமிகளுக்குச் சமைக்கும் ஒரு மடத்தைத் தேடி ஒரு மூட்டை அரிசி, ஒரு மூட்டை பருப்பு அனுப்புங்கள். கோவில் உண்டியலுக்குப் போடுவதில் பாதியை அங்கே கொடுத்தாலும் போதும். வைகாசி விசாகத்துக்கு முன்னர் அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் வடக்கிலிருந்து வரும் முதல் கூட்டத்துக்கு அது போய்ச் சேரும்.